புதுசா எந்தக் கிடங்கைய்யா சேர்த்தே?

ராத்திரி பதினோரு மணிக்கு அப்டேட் போட்டேன். சர்வர் படுத்துவிட்டது. சீனியரைப் போனில் எழுப்பினால், "புதுசா எந்த சாஃப்ட்வேர் கிடங்கைய்யா சேர்த்தே?" என்றார்.

திருதிருவென்று விழித்தேன். காசு கட்டி வாங்கிய ரெட்ஹேட் லினக்ஸில் இல்லாத ஒரு சாமானுக்காக, யாரோ நடத்தும் கிடங்கைச் சேர்த்திருந்தேன். அது கம்பெனியின் லைப்ரரியைத் தூக்கிவிட்டுத் தன்னுடையதை வைத்துவிட்டது!

"ஈபெல்னு ஒண்ணு இருக்கே, தெரியாதா?"

ஃபெடோரா தொண்டர்கள் நடத்துவது. ஹெச்டாப் மாதிரி, கம்பெனி தராததைத் தருவார்கள். தந்ததன் மேல் கை வைக்கக் கூடாது என்பது விதி. அதனால்தான் ஒரே மெஷினில் இரண்டும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. (கூட்டுக் குடும்பங்கள் கவனிக்க!) ஆனால் ஈபெல் சரக்கு மக்கர் பண்ணினால் ரெட்ஹேட் பொறுப்பேற்காது, தொண்டர்கள்தான் கதி.

விடிய விடியப் பழைய லைப்ரரியைத் திரும்ப ஏற்றினேன். சீனியர் எப்போதோ தூங்கிவிட்டிருந்தார்.