ஆவியும் நொய்யலும்

திருப்பூர்ப் பனியனை அறியாத இல்லம் நமது தேசத்தில் அரிது. ஆனால் அதற்குச் சாயமேற்றிய நீர் எங்கே போயிற்று என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென 1992-ஆம் ஆண்டில் எழுந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கிற்று. வயலும் கிணறும் உப்பேறின. கழிவுநீர் சிறிதும் வெளியேறாத நிலை ஏற்படும் வரையில் சாயச்சாலைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. உழவர் துயர் ஒருபுறம். வேலையிழந்த தொழிலாளர் துயர் மறுபுறம்.

பரிகாரம் என்ன? கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே வடித்த பின் எஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்றச் செய்ய வேண்டும். கொதிக்கும் நீர் ஒரு கிலோவை ஆவியாக்க 2257 கிலோஜூல் வெப்பம் தேவை. இதற்கு எவ்வளவு விறகை எரிப்பது!

இங்கே விஞ்ஞானம் கைகொடுக்கிறது. எழுந்த ஆவியை யந்திரத்தால் அமுக்கி, அதன் அழுத்தத்தை 1.32 மடங்காக்கினால், அது 108 டிகிரியில் நீராக மாறும். அவ்வாறு மாறுகையில் தன்னுள் உறைந்த வெப்பத்தை உப்புநீருக்கே திருப்பி அளிக்கும். திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சிலவற்றில் இம்முறை கையாளப்படுகிறது.

அமுக்குவதற்கு ஆகும் சக்தி எவ்வளவு? உராய்வும் சுழிப்பும் இல்லாத லட்சிய யந்திரமானால், கிலோ ஒன்றுக்குச் சுமார் 49 கிலோஜூல். ஆவி சுமார் 125 டிகிரியில் வெளிவரும். ஆனால் அத்தகைய யந்திரம் ஏட்டில்தான் உண்டு. யந்திரத்தின் திறமை நூற்றுக்கு 75 என்று கொண்டால், சக்தி சுமார் 65 கிலோஜூலாகும். ஆவியின் சூடு சுமார் 133 டிகிரிக்கு ஏறும். மிகுதியாகச் செலவிட்ட சக்தி முழுவதும் பாழன்று. வெப்பமாக ஆவியிலேயே தங்குகிறது. எனினும் அதை விலையுயர்ந்த மின்சாரமாகவல்லவா வாங்கினோம்?

இன்னொரு சங்கடமும் உண்டு. நீர் வற்ற வற்ற உப்பு செறிகிறது; கொதிநிலை உயர்கிறது. சோற்றுப்பு முற்றும் செறிந்த நீர் சுமார் 108 டிகிரியில்தான் கொதிக்கும். அப்பொழுது 108 டிகிரி ஆவி அதைக் கொதிக்க வைக்க இயலாது. ஆகவே இன்னும் பலமாக அமுக்க வேண்டும், செலவும் கூடும்.

ஏட்டுக் கணக்கை நம்பித் தொழில் நடத்துபவர் மாதக் கடைசியில் மின்சாரக் கட்டணம் கண்டு திகைப்பார். அந்தத் திகைப்பில், கழிவைப் பழையபடி நதியில் விடும் சபலம் பிறக்கக் கூடும். ஆதலால் நடைமுறைக் கணக்கே நொய்யலைக் காக்கும் கணக்கு. அந்தச் செலவில் ஒரு சிறு பங்கு பனியனின் விலையில் ஏறுமானால், அணியும் நாம் முகம் சுளிக்கலாகாது.