முழங்கால் வலித்தால் முதலில் சீட்டைப் பாருங்கள்

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்குக்கூட மருத்துவர்கள் சைக்கிள் மிதிக்கச் சொல்வதுண்டு. உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்வதால் மூட்டுக்குப் பாரம் குறைவு. அப்படியிருந்தும் மிதிக்கும்போது வலித்தால், வயதைக் குறை சொல்லாமல் சைக்கிளைச் சோதியுங்கள். சுங்கை பாக்காப்பிலிருந்து வேலைக்கு மிதிப்பவருக்கும், வார இறுதியில் நிபோங் திபால், பத்து காவான் வரை போய்வருபவருக்கும் இது பொருந்தும்.

வலி சொல்லும் காரணம்

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதும் காரணமாகலாம். பின்பக்கம் வலித்தால் சீட் அதிக உயரமாக இருக்கலாம். உட்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால், பாதம் பெடலில் கோணலாக இருக்கிறதா என்று பாருங்கள்.

உயரத்தை வீட்டிலேயே சரிபார்க்கலாம். சுவரைப் பிடித்தபடி சீட்டில் அமர்ந்து, பெடலைக் கீழே இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக்கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். ஒரே நாளில் அதிகம் மாற்றாமல், சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

இலகுவான கியரில் வேகமாகக் காலைச் சுழற்றுவது மூட்டுக்கு நல்லது. தூரத்தை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள். 1980 டூர் டி பிரான்ஸ் போட்டியில் முன்னணியில் இருந்த சைக்கிள் வீரர் பெர்னார் இனோவே முழங்கால் வலியால் பாதியில் விலகினார். உடல் வலு மட்டும் மூட்டைக் காப்பாற்றாது.

வலி வந்துவிட்டால் சில நாள் தூரத்தைக் குறையுங்கள். துண்டில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைக்கலாம். வலி தணிந்ததும் நாற்காலியில் அமர்ந்து, காலை நீட்டி 5 விநாடி நிறுத்தி இறக்குங்கள். 10 முறை செய்தால் தொடைத்தசை வலுப்படும்.

மருந்தில் ஒளிந்திருக்கும் ஆபத்து

மூட்டுவலிக்கென்று விற்கப்படும் சில பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்ததை மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி உடனே பறந்துவிடும். ஆனால் சர்க்கரை ஏறும், முகம் வீங்கும், எலும்பு பலவீனமாகும். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் முத்திரையும் இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். சந்தேகமான மருந்தைப் பல வாரம் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருந்தோடு மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் உரிமை

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளி கட்டணம் 1 வெள்ளிதான். விழுந்தபின் நான்கு எட்டு நடக்க முடியாவிட்டாலோ, முழங்கால் மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ, வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காதீர்கள். சுங்கை பாக்காப் மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவர் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுத்தால் சம்பளத்தோடு விடுப்பு எடுக்கலாம். 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஆண்டுக்கு 14 நாள். இரண்டு ஆண்டு சேவை முடிந்தால் 18. ஐந்து ஆண்டு முடிந்தால் 22.

வீட்டிலிருந்து வேலைக்கு நேர்வழியில் போகும்போதோ திரும்பும்போதோ விபத்து நேர்ந்தால், சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் சந்தாதாரர் இழப்பீடு கோரலாம். சைக்கிளில் போனாலும் இந்த உரிமை உண்டு. 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் வேலைவிபத்துப் பாதுகாப்பு உண்டு. போலீஸ் புகார், மருத்துவ அறிக்கை, எம்சி மூன்றையும் பத்திரப்படுத்தி, முதலாளியிடம் உடனே தெரிவியுங்கள். நாளடைவில் வந்த வலிக்கு இந்த இழப்பீடு தானாகக் கிடைக்காது. ஆகவே சிறு விபத்தாக இருந்தாலும் அன்றே பதிவு செய்யுங்கள். பின்னாளில் முழங்கால் மோசமானால் அந்தப் பதிவுதான் உங்களுக்குச் சாட்சி.