உங்களுக்குத் தெரியுமா? – மேடையும் குறுக்குக் கேள்வியும்

பிரிட்டனில் சம உரிமை கேட்டவர்களைக் கூட்டத்திலிருந்து பிடித்துத் தள்ளியதில் முற்போக்குக் கட்சிகளுக்கும் பங்கு உண்டு. அந்த உரிமைகளைச் சட்டமாக்கியதில் பழமைவாதிகளுக்கும் பங்கு உண்டு. நம்ப முடியவில்லையா? மேலே படியுங்கள்.

● 1866 ஜூலையில் வாக்குரிமை கேட்டு லண்டன் ஹைட் பார்க்கில் நடக்கவிருந்த கூட்டத்துக்குக் கன்சர்வேட்டிவ் அரசு தடை போட்டது. பூங்காவின் கதவுகளைப் பூட்டினார்கள். ஜனநெரிசலில் இரும்பு வேலியே சரிந்தது. மறு ஆண்டே டிஸ்ரேலி முன்னின்று நிறைவேற்றிய சீர்திருத்தச் சட்டத்தால், வாக்காளர் எண்ணிக்கையை ஏறக்குறைய இரு மடங்காக்கியதும் கன்சர்வேட்டிவ் அரசுதான்.

● அதே மசோதா விவாதத்தில் இருந்தபோது, பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196.

● ஊர்வலம் போகிறவர்களை எதிராளிகள் அடிக்க வந்தால் யாரைத் தண்டிப்பது? வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற கடற்கரை ஊரில் இரட்சணிய சேனையின் ஊர்வலத்தை மறித்துக் கலாட்டா செய்தது, ‘எலும்புக்கூட்டுப் படை’ என்று பெயர் வைத்துக்கொண்ட கும்பல். உள்ளூர் நீதிபதிகள் கை வைத்ததோ சேனைக்காரர்கள் மீது. மேல் நீதிமன்றம் 1882இல் அதை ரத்து செய்தது: அடுத்தவன் சட்டத்தை மீறுவான் என்பதற்காக, சட்டப்படி நடப்பவனைக் குற்றவாளியாக்க முடியாது!

● சென்னை அடையாறில் பிரம்மஞான சபைக்குத் தலைமை தாங்கிய அன்னி பெசன்ட், அதற்கு முன்பு லண்டன் வீதிகளில் போலீஸ் தடையை எதிர்த்தவர். 1887 நவம்பர் 13 அன்று, தடை விதிக்கப்பட்ட டிரஃபால்கர் சதுக்கத்தை நோக்கிப் போன ஊர்வலக்காரர்களில் அவரும் ஒருவர். பலர் காயமடைந்த அந்த நாளுக்கு ‘ரத்த ஞாயிறு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

● 1905 அக்டோபர் 13, மான்செஸ்டர். லிபரல் கட்சிக் கூட்டத்தில் கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்டும் ஆலைத் தொழிலாளி ஆனி கென்னியும் எழுந்து, “நீங்கள் ஆட்சிக்கு வந்தால் பெண்களுக்கு ஓட்டுரிமை தருவீர்களா?” என்று கேட்டார்கள். மேடையில் இருந்த எட்வர்ட் கிரே வாய் திறக்கவில்லை. தொண்டர்கள் இருவரையும் இழுத்து வெளியே விட்டார்கள். அபராதம் கட்ட மறுத்ததால் கிறிஸ்டபெல்லுக்கு 7 நாள், ஆனிக்கு 3 நாள் சிறை. பதில் சொல்லியிருந்தால் மறுநாளே மறந்துபோயிருக்கும். வாய் திறக்காததால் நாடே பேசியது.

● அதன்பிறகு லிபரல் கூட்டங்களில் பெண்களை உள்ளே விடவே கெடுபிடி. அதற்கும் வழி கண்டார்கள். 1909இல் பிரிஸ்டல் நகரின் கோல்ஸ்டன் ஹாலில் அமைச்சர் அகஸ்டின் பிர்ரெல் பேசிக்கொண்டிருந்தபோது, “பெண்களுக்கு ஓட்டுரிமை!” என்று குரல் வந்தது. எங்கிருந்து? மண்டபத்துப் பெரிய ஆர்கன் வாத்தியத்துக்குள்ளிருந்து! முன்கூட்டியே இரு பெண்கள் அதற்குள் போய் ஒளிந்திருந்தார்கள்.

● இத்தகைய குறுக்கீடுகளை அடக்கவே அதற்கு முந்தைய ஆண்டு, 1908இல், பொதுக்கூட்டச் சட்டம் வந்திருந்தது. அப்போதும் கேள்வி கேட்பது குற்றமாகவில்லை. கூட்டமே நடக்காதபடி செய்யும் நோக்கத்தோடு ஒழுங்கீனமாக நடப்பதுதான் குற்றம்.

● போராட்டத் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் பிற்காலத்தில் சேர்ந்த கட்சி எது தெரியுமா? கன்சர்வேட்டிவ்! அதன் வேட்பாளராகவும் அறிவிக்கப்பட்டார். வாக்களிக்க ஆணுக்கு 21, பெண்ணுக்கு 30 என்றிருந்த வயது வேறுபாட்டை நீக்கும் மசோதாவை பால்ட்வினின் கன்சர்வேட்டிவ் அரசு கொண்டுவந்தது. அது சட்டமானது 1928 ஜூலை 2ஆம் தேதி. எம்மலின் காலமானது ஜூன் 14ஆம் தேதி. சில வாரம் முந்திவிட்டார். 1930இல் அவருடைய சிலையைத் திறந்துவைத்தவர் பால்ட்வின்தான்.

● அந்த மசோதாவுக்கு இரண்டாம் வாசிப்பில் ஆதரவு 387, எதிர்ப்பு வெறும் 10. ஆனால் அமைச்சரவைக்குள் அதை எதிர்த்து வாதாடியவர் வின்ஸ்டன் சர்ச்சில். அடுத்த ஆண்டு புதிய வாக்காளர்களோடு நடந்த தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சியை இழந்தது.

● 1934 ஜூன் 7 அன்று லண்டன் ஒலிம்பியா அரங்கில் பாசிஸ்ட் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லி பேசினார். குறுக்கே குரல் கொடுத்தவர்களைக் கருஞ்சட்டைத் தொண்டர்கள் அடித்துத் துவைத்தார்கள். நேரில் பார்த்த கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் சிலரே வெகுண்டு கண்டித்தார்கள். அரசியல் சீருடை அணிவதற்கு 1936இல் தடைச் சட்டம் வந்தது.

● ஒருபாலினத் திருமணத்தை ஆதரித்த கன்சர்வேட்டிவ் பிரதமர் டேவிட் கேமரன் சொன்ன காரணம் வித்தியாசமானது: பழமைவாதியாக இருந்தும் அல்ல, பழமைவாதி என்பதாலேயே ஆதரிக்கிறேன் என்றார். குடும்பப் பிணைப்பு வலுப்படுவதுதானே பழமைவாதம் என்பது அவர் வாதம். 2013இல் மசோதா நிறைவேறியது. ஆனால் முதல் பெரிய வாக்கெடுப்பில், அவர் கட்சி எம்.பி.க்களில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்களே அதிகம்!

● 2005இல் பிரைட்டனில் தொழிற்கட்சி மாநாடு. ஈராக் போரை நியாயப்படுத்தி வெளியுறவு அமைச்சர் பேசியபோது “அபத்தம்!” என்று குரல் கொடுத்தார் 82 வயது வால்டர் வொல்ஃப்காங். சிறுவயதில் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர். அந்தக் கட்சியின் நீண்டகால உறுப்பினர். தொண்டர்கள் அவரைத் தூக்கி வெளியேற்றினார்கள். திரும்பி வந்தவரைப் போலீஸ் தடுக்கப் பயன்படுத்தியது பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை! கட்சி மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டு உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு, கட்சியின் தேசியச் செயற்குழுவிலேயே அவரை உட்கார வைத்தார்கள்.