பிள்ளைகளுக்கு மிருகம் காட்டப் போகிறோமா? திட்டம் போட்டுப் போவோம்!

பள்ளி விடுமுறை நெருங்கினால் தோட்டத்தில் ஒரு பேச்சு எழும். "அண்ணே, இந்த வாட்டி பிள்ளைங்கள எங்கியாவது கூட்டிக்கிட்டுப் போவோம்ணே. கோலாலம்பூர்ல மிருகக்காட்சி சாலை, பறவைப் பூங்கா, மீன் காட்சி எல்லாம் இருக்காமே. ஒரே நாள்ல எல்லாத்தையும் பாத்துட்டு வந்துடலாம்."

இப்படித்தான் கிள்ளானுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தில் நாமும் கிளம்பினோம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று இடம் என்பது திட்டம். நாற்பது பேர், ஒரு பஸ். விடிவதற்குள் புறப்பட வேண்டியது, எட்டு மணிக்குத்தான் புறப்பட்டது. முதலில் பறவைப் பூங்கா. அங்கே பிள்ளைகள் இருவாட்சிப் பறவையைப் பார்க்கத் தொடங்கியதும், "வா, வா, நேரமாச்சு" என்று இழுத்தோம். அடுத்த இடத்தில் வாசலில் அரைமணி நேரம் சில்லறைக் கணக்கு. மூன்றாவது இடத்துக்குப் போகும்போது மூன்று மணி, அடைமழை. இரவு பத்து மணிக்கு லயத்துக்குத் திரும்பியபோது பாதிப் பிள்ளைகள் தூக்கத்தில், பாதிப் பிள்ளைகள் அழுகையில். மறுநாள் காலைப் பிரட்டுக்குப் பெரியவர்கள் கண் சிவந்து நின்றார்கள்.

"என்னடா பாத்தே?" என்று ஒரு பையனைக் கேட்டோம். "பஸ்ஸு" என்றான்.

தோழர்களே, அன்று பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நாளைப் பற்றிச் சொல்லிவிடுவோம். பட்டணத்துக்காரர்களுக்கு வார இறுதி என்றால் இரண்டு நாள். நமக்குப் பெரும்பாலும் ஞாயிறு ஒன்றுதான். அந்த ஒரு நாளும் துரை கொடுத்த தர்மம் அல்ல. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு என்று சொல்கிறது. நாட்கூலி வாங்குகிறவரிடம் அந்த நாளில் அரை நாளுக்கு மேல் வேலை வாங்கினால் இரண்டு நாள் கூலி கொடுக்க வேண்டும். குலை அதிகம் விழும் மாதங்களில் இந்த இரட்டைக் கூலிக்காக நம்மவர்கள் ஞாயிறுதோறும் காட்டுக்குள் இறங்குகிறார்கள். குற்றம் சொல்லவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றால், வாரம் ஆறு நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசுதான். அதன் அருமை நமக்குத் தெரியும். ஆனாலும் ஆண்டுக்கு இரண்டு ஞாயிறாவது பிள்ளைகளுக்கென்று முன்கூட்டியே குறித்து வையுங்கள். மண்டோரிடமும் அப்போதே சொல்லி வையுங்கள்.

இரண்டாவது, இடங்களைச் சேர்க்கும் முறை. பெரிய இடம் ஒன்று, அதற்குப் பக்கத்தில் காசு செலவில்லாத இடம் ஒன்று. ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம்.

பெரிய இடம் என்றால் தேசிய மிருகக்காட்சி சாலை, அதாவது ஸூ நெகாரா. உலு கிள்ளானில் 110 ஏக்கரில் இருக்கிறது. 1957-இல் ஒரு விவசாயக் கண்காட்சியில் சிறிய மிருகக்காட்சி வைத்தார்கள். மக்கள் திரண்டு வந்ததைக் கண்டுதான் நிரந்தரமாக ஒன்று அமைக்கும் எண்ணம் பிறந்தது. 1963 நவம்பர் 14-ஆம் நாள் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்து வைத்தார். அரசாங்க இலாகா அல்ல, ஒரு சங்கம் நடத்துகிறது. பெரும்பாலும் வாசலில் வசூலாகும் பணத்தில்தான் மிருகங்களுக்குத் தீனி. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டில் வாசல் மூடியபோது, பொதுமக்கள் கொடுத்த நன்கொடை கைகொடுத்தது. சந்தாவில் வாழும் தொழிற்சங்கக்காரர்களான நமக்கு இந்தக் கஷ்டம் நன்றாகப் புரியும்.

யானை, புலி, ஒராங் ஊத்தான், தேன்கரடி, காட்டில் கண்ணுக்கே சிக்காத தாபிர் எல்லாம் இங்கே உண்டு. 110 ஏக்கரைச் சிறு பிள்ளைகளோடு சுற்ற ஒரு நாள் வேண்டும். காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே இருப்பது நல்லது. வெயில் ஏறிவிட்டால் மிருகங்கள் நிழலில் படுத்துவிடும். பிற்பகலில் மழை வரும். இதோடு சேர்ப்பதானால் பத்துமலையைச் சேர்க்கலாம். இரண்டும் பட்டணத்தின் வடபுறத்தில்தான். முருகனைக் கும்பிட்டுத் திரும்பலாம். 272 படி ஏறத் தெம்பில்லாத பிள்ளைகள் கீழே குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

பஸ் பிடிக்க முடியாத சிறு குடும்பத்துக்கு வேறு வழி இருக்கிறது. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள கே.எல். சென்ட்ரலில் இறங்கி, எல்.ஆர்.டி. மாறி வங்சா மாஜுவில் இறங்கினால், அங்கிருந்து மிருகக்காட்சி சாலைக்கு வாடகைக் கார் பிடித்துவிடலாம்.

இன்னொரு ஞாயிற்றுக்குப் பறவைப் பூங்கா. 1991-இல் திறந்தது, ஏறக்குறைய 21 ஏக்கர். பெரிய வலைக்கூரையின் கீழ் பறவைகள் இஷ்டம்போல் பறக்கும், நாம் நடுவில் நடக்கலாம். கொமுட்டரில் பழைய கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கி, தேசியப் பள்ளிவாசல் வழியாக நடந்தே போய்விடலாம். பக்கத்திலேயே ஏரிப் பூங்கா. அங்கே சோற்று மூட்டையைப் பிரித்து உட்கார எவருக்கும் காசு கொடுக்க வேண்டாம். மீன் பார்க்க வேண்டுமானால் 2005-இல் திறந்த அக்குவாரியா இருக்கிறது, இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில். அதை மழைக்கால ஞாயிறு ஒன்றுக்கு ஒதுக்கி வையுங்கள். உள்ளே நனைய மாட்டீர்கள்.

கோலசிலாங்கூர், ஜெராம் பக்கத்துத் தோட்டத்தார் பட்டணம் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சனிக்கிழமை வேலை முடிந்து, மாலையில் புக்கிட் மெலாவத்தி ஏறினால் சாம்பல் நிற மந்திகள் கூட்டமாக வரும். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறினால் ஆற்றோர மரமெல்லாம் மின்மினி. இதை ஞாயிறு இரவுக்கு வைத்துக்கொண்டால் மறுநாள் பிரட்டு கெட்டுவிடும். சனியே சரி.

மூன்றாவது, பணம். கடன் வாங்கிப் போக வேண்டாம். வீட்டுக்கு மாதம் 10 வெள்ளி, 25 வீடு, ஆறு மாதம் என்றால் 1,500 வெள்ளி கையில் இருக்கும். 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் நம் பெற்றோர் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். நாம் ஒரு பஸ் பிடிக்க முடியாதா? சமையலும் அப்படியே. பெண்கள் ஒவ்வொருவரும் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டிவிட்டு, பஸ்ஸில் தூங்கி வழிந்தால் அவர்களுக்கு அது ஓய்வு நாளா? கோயில் அண்டாவில் ஒரே சமையல், ஆண்கள் கிண்டட்டும்.

நான்காவது, அடையாளக் கார்டு. பல இடங்களில் உள்நாட்டாருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்குக் கூடுதல் விலை. மைகார்டும் பிள்ளைகளின் மைகிட்டும் பையில் இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது நமக்கு நெஞ்சு கனக்கிறது. முன்பு சொன்ன பயணத்தில் ஓர் இடத்தின் வாசலில், நம்மோடு வந்த பாட்டி தம் கார்டை நீட்டினார். சிவப்புக் கார்டு. முகப்பில் இருந்தவர் திருப்பிப் பார்த்துவிட்டு வெளிநாட்டு விலையைச் சொன்னார். பாட்டி பிறந்தது இந்த நாட்டுத் தோட்டத்தில். பதினான்கு வயதில் பால்வாளி தூக்கியவர். "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் பஸ்ஸுல இருக்கேன்" என்றார். நாம் பணத்தைக் கட்டி அழைத்துப் போனோம். ஆனால் அந்த வார்த்தை போகவில்லை.

2014-இல் சீனாவிலிருந்து பத்து வருட ஒப்பந்தத்தில் ஒரு ஜோடி பாண்டாக் கரடி ஸூ நெகாராவுக்கு வந்தது. இங்கே மூன்று குட்டி பிறந்தன. ஒப்பந்தப்படி குட்டிகளைச் சீனாவுக்கு அனுப்பிவிட்டு, 2025 மே மாதம் தாய் தகப்பனும் திரும்பிவிட்டன. கேட்ட நம் தோழர் ஒருவர், "ஒப்பந்தத்துல வந்தது, இங்க பெத்தது, ஆனா குட்டி இந்த நாட்டுப் பிள்ளை இல்ல. நம்ம கதைதானேண்ணே" என்றார். எல்லாரும் சிரித்தோம். பாட்டி சிரிக்கவில்லை. ஆகவே, சிவப்புக் கார்டுக்காரர் இருந்தால் எந்த இடமானாலும் டெலிபோனில் முன்பே விலை கேளுங்கள். வித்தியாசம் இருந்தால் பொதுப்பணத்திலிருந்து ஒதுக்குங்கள். வாசலில் பெரியவர்களை நிற்க வைக்காதீர்கள். குடியுரிமை மனுப் போடாமல் இருப்பவர்கள் நம் சங்க அலுவலகத்துக்கும் வாருங்கள். பாரம் நிரப்ப உதவுவோம்.

ஆறு மாதம் கழித்து மறுபடி போனோம். ஒரே இடம், ஸூ நெகாரா மட்டும். சீட்டு முன்பே வாங்கியாகிவிட்டது. புலிக்கு முன்னால் பாட்டி உட்கார்ந்துவிட்டார். காலையில் மரம் வெட்டப் போன வழியில் சேற்றில் கண்ட புலியடியைப் பற்றி, விளக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கூட்டமாகப் பாட்டுப் பாடியபடி போனதைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அரைமணி நேரம் யாரும் "வா, வா" என்று இழுக்கவில்லை.

"பாட்டி, இப்ப ஏன் நம்ம தோட்டத்துல புலி இல்ல?" என்றான் ஒரு பையன்.

"காட்ட நாங்கதானேடா வெட்டினோம். அதுக்கு வீடு ஏது?" என்றார் பாட்டி.

உண்மைதான். நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலி நிற்கிறது. காட்டில் 150-க்கும் குறைவாகவே மிஞ்சியிருப்பதாக, 2016 முதல் 2020 வரை எடுத்த கணக்கெடுப்பு சொல்கிறது. வெட்டச் சொன்னவர்கள் முதலாளிகள், வெட்டிய கை நம் கை, வீடு இழந்தது புலி. தோட்டம் விற்கப்பட்டு லயத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு அந்தப் புலியின் கஷ்டத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தோழர்களே, அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாகச் சேருங்கள். நாளைக் குறியுங்கள், பணத்தைச் சேருங்கள், இடத்தைக் குறையுங்கள், பெரியவர்களைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். திரும்பி வந்த அன்று அதே பையனைக் கேட்டோம், "என்னடா பாத்தே?" என்று.

"புலி. பாட்டியோட புலி" என்றான்.