ஒரே தொட்டியில் ஒத்து வாழும் மீன்கள்

கோலார் தங்கவயலில் நாங்கள் பணியாற்றும் கிளையில் நவம்பர் என்றால் ஆயுள் சான்றிதழ் மாதம். 2001-இல் மூடப்பட்ட சுரங்கங்களில் உழைத்த பெரியவர்கள் கிளை திறப்பதற்கு முன்னரே வந்து வாசலில் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு சற்று இனிமையாகக் கழியட்டும் என்று எண்ணி, மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்டோபர் இறுதியில் கிளைக் கூடத்தில் ஒரு வண்ணமீன் தொட்டி வைத்தோம். 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மணலும் கல்லும் போக ஏறத்தாழ 130 லிட்டர் நீர் பிடிக்கும்.

மீன் வாங்கும் பொறுப்பை எங்களில் இருவர் ஏற்றுக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிகுப்பத்திலிருந்து இரயிலேறிப் பெங்களூரு சென்று, கடையில் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தவற்றையெல்லாம் வாங்கி வந்தோம். 10 நியான் டெட்ரா, 6 கப்பி, 3 டைகர் பார்ப், 2 ஏஞ்சல், 2 தங்கமீன், கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லப்பட்ட சக்கர் மீன் ஒன்று. ஆக மொத்தம் 24. அன்று மாலையே அனைத்தையும் தொட்டியில் விட்டோம்.

முதல் இரண்டு நாட்கள் கூடமே தொட்டியைச் சுற்றி நின்றது. ஓய்வூதியம் பெறும் பெரியவர் ஒருவருடன் வந்த அவருடைய பேத்தி, ஐந்து வயதுக் குழந்தை, ஒவ்வொரு மீனாக விரல் வைத்து எண்ணினாள். மூன்றாம் நாள் கப்பிகளின் வால்கள் கிழிந்திருந்தன. ஐந்தாம் நாள் நியான்களில் நான்கைக் காணவில்லை. இறந்து மிதக்கவும் இல்லை. இரண்டாம் வார முடிவில் தங்கமீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அதற்கடுத்த திங்கட்கிழமை கிளையைத் திறந்தபோது எஞ்சியிருந்தவை சக்கர் மீனும் ஒரு டைகர் பார்ப்பும் மட்டுமே. அந்த வாரம் மீண்டும் வந்த குழந்தை தொட்டியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. தொட்டியை விற்றுவிடலாம் என்றே முடிவு செய்திருந்தோம்.

அவளுடைய தாத்தா எங்களை விடவில்லை. “எந்தத் தண்ணி ஊத்துனீங்க சார்?” என்று கேட்டார். ஆழ்துளைக் கிணற்று நீர் என்றோம். சிரித்தார். லைன் வீட்டில் குடியிருந்த காலத்தில் சிமெண்டுத் தொட்டியில் பல ஆண்டுகள் மீன் வளர்த்தவர் அவர். மீனைப் பார்த்துத் தண்ணீர் தேடுவது பணக்காரர் வேலை, தண்ணீரைப் பார்த்து மீன் தேடுவதுதான் நமக்குச் சரிப்படும் என்றார். அதன் பிறகுதான் நாங்கள் படிக்கத் தொடங்கினோம். முதலிலேயே படித்திருக்க வேண்டும்.

நம் வட்டாரத்து நிலத்தடி நீர் கடினமானது. வாளியின் விளிம்பிலும் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலும் வெள்ளையாகப் படிவது அதன் அடையாளம். சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தபோது கார அமில எண் 8-ஐத் தொட்டது. நியான் டெட்ரா அமேசான் படுகையின் மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட ஓடைகளுக்கு உரியது. அதற்கு நம் நீர் ஒவ்வாது. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய குட்டி போடும் மீன்களோ கடினநீரையே விரும்புபவை. 1990களில் மலேரியாவைக் கட்டுப்படுத்துவதற்காக, நமக்கு அருகிலுள்ள காமசமுத்திரம் பகுதிக் கிராமக் கிணறுகளில் கப்பிகளை விட்டார்கள். கொசுப் புழுக்களைத் தின்று அங்கேயே பெருகிய மீனை நாங்கள் பெங்களூரு வரை சென்று வாங்கி வந்து கொன்றிருக்கிறோம்.

இனி குணம். டைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன். எட்டுப் பத்து என்று இருந்தால் தம் சண்டையைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் அந்தச் சுறுசுறுப்பு அனைத்தும் அடுத்தவர் வாலின் மீது திரும்பும். கப்பி, ஏஞ்சல், கௌராமி போன்று நீண்ட துடுப்புடைய எதனுடனும் அவற்றைச் சேர்க்கலாகாது. ஆண் ஃபைட்டர் மீனுக்குக் கப்பியின் விரிந்த வால் எதிரியின் வாலாகத் தோன்றும். அவ்விரண்டையும் பிரித்து வைப்பதே நல்லது. எனினும் பார்ப் என்ற பெயரைக் கேட்டவுடனே ஒதுக்க வேண்டியதில்லை. இலங்கையைச் சேர்ந்த செர்ரி பார்ப் மிகச் சாதுவானது.

காணாமற்போன நியான்களின் கதை எளிது. ஏஞ்சல் மீன் வாய்க்குள் அடங்குவதை உணவென்றே கொள்ளும். உள்ளங்கை அகல ஏஞ்சலுக்கு நியான் ஒரு கவளம். மீன் வாங்கும்போது அதன் இன்றைய அளவைப் பார்க்காமல், வளர்ந்த பின் எவ்வளவு ஆகும் என்று கேட்க வேண்டும். விரல் நீளத்தில் விற்கப்படும் சக்கர் மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். எங்களிடம் மிஞ்சியதைப் பெரிய தொட்டி வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் அன்புடன் ஏற்றுக்கொண்டார். பேத்தமங்கலம் ஏரியில் விட்டுவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னதுண்டு. நல்லவேளை, செய்யவில்லை. அயல்நாட்டுச் சக்கர் மீன்கள் இவ்வாறுதான் தென்னிந்திய நீர்நிலைகளில் புகுந்து, வலைகளைக் கிழித்து, நாட்டு மீன்களின் இரையைப் பறித்துக்கொண்டிருக்கின்றன. கப்பியையும் அவ்வாறு ஏரியில் கொட்டலாகாது.

ஆயினும் எங்கள் மீன்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றது சண்டை அன்று, அவசரம். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு சில அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு; மூன்றாவது அளவோடு இருந்தால் தீங்கில்லை. இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரின் பஞ்சில் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். காரத்தன்மை மிகுந்த நீரில் அம்மோனியாவின் நஞ்சு மேலும் கடுமையாகும் என்பதை நம் ஊரார் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும். ஏராளமாகக் கழிவு வெளியேற்றும் தங்கமீன்களைப் புதுத் தொட்டியில், அதுவும் முதல் நாளே விட்டது எங்கள் பெரும்பிழை. தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது என்பதால், பழகிய தொட்டியிலும் வெப்பமண்டல மீன்களுடன் அது சேராது.

இதைப் பெரியவரிடம் விளக்கியபோது அவர் வியப்படையவில்லை. சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் வேலை நடந்தது. “கீழே எத்தனை ஆள் எறங்குதோ அத்தனை ஆளுக்குக் காத்து எறங்கணும் சார். காத்துப் போகாத எடத்துல ஆளை விட மாட்டாங்க” என்றார்.

இரண்டாம் முறை தொட்டியை நிரப்பி, ஆறு வாரங்கள் மீனில்லாமல் ஓடவிட்டோம். பாக்டீரியாவுக்கு இரையாகத் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் இட்டோம். பெரியவர் தம் உறவினர் வீட்டுப் பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டை நனைந்தபடியே கொண்டுவந்து தந்தார். வெறும் தண்ணீருக்கு விளக்கு எதற்கு என்று கேட்ட வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்தோம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியைத் தொட்ட பின், சனவரியில் மேல்மட்டத்தில் நீந்தும் 8 சீப்ரா டேனியோக்களை விட்டோம். நம் நாட்டு ஓடைகளுக்குரிய அம்மீன் குளிரையும் தாங்கும். மூன்று வாரம் கழித்து 5 பிளாட்டிகள், 2 ஆணும் 3 பெண்ணும். பிறகு 5 கப்பிகள், அனைத்தும் ஆண். பெண் கப்பிகளையும் சேர்த்தால் எங்கள் வங்கி தரும் வட்டியைவிட வேகமாகப் பெருகிவிடும். இறுதியில் தரையில் மேயும் வெண்கல நிறக் கோரிடோரஸ் 6. இம்மீன் தனியே இருந்தால் ஒடுங்கிவிடும். அதன் மீசை தேயாதிருக்கக் கூர்மையற்ற மெல்லிய மணல் வேண்டும். ஒவ்வொரு தொகுதியையும் இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைத்து, நோயில்லை என்று கண்ட பின்னரே சேர்த்தோம்.

எண்ணிக்கை மீண்டும் 24-தான். ஆனால் இவை யாவும் விரலளவு மீன்கள். மேல், நடு, அடி என்று மூன்று தளங்களிலும் பரவி வாழ்பவை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ள நம் ஊரில் மார்கழி இரவுகள் குளிர்பவை. ஆகவே ஹீட்டரை 25 டிகிரியில் வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை கால்வாசி நீரை மாற்றுகிறோம். குழாய்நீரானால் குளோரின் நீங்க ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டு ஊற்றுகிறோம்.

ஏப்ரலில் பாஸ்புக் பதிய வந்த பெரியவருடன் பேத்தியும் வந்தாள். விரல் வைத்து எண்ணி, 27 என்றாள். 24-தான் பாப்பா என்று நாங்கள் திருத்தினோம். அவள் ஒப்பவில்லை, பாசிக்கொத்தின் பின்புறத்தைக் காட்டினாள். பிளாட்டிக் குஞ்சுகள் மூன்று, அரிசி மணியளவில், இலைக்கு இலை ஒளிந்து கொண்டிருந்தன.