எடை குறைந்துவிட்டது... மனசு ஏன் கனக்கிறது?

ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள். பழைய துணியெல்லாம் தொளதொள. பார்ப்பவர்கள் 'ஆளே மாறிட்டீங்க' என்கிறார்கள். சம்பந்தப்பட்டவருக்கோ காரணமில்லாமல் அழுகை வருகிறது. 'இப்ப உனக்கு என்ன குறை?' என்று கேட்பார்களே என்று வெளியே சொல்வதும் இல்லை. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு வரும் நிலை இது.

சாப்பாடு என்ற துணை

இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் ஸ்லீவ் ஆபரேஷனில், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் குறைகிறது. பசி அடங்கும். ஆனால், கவலை வந்தால் தட்டைத் தேடும் பழக்கம் அடங்காது. கூடவே இருந்த ஆறுதல் பறிபோனதுபோல் இருக்கும்.

நம் ஊரில் சாப்பாடுதானே பாசம்? பழவேற்காடு ஏரிக்கரை மீனவ கிராமங்களில், விருந்தாளிக்கு இறாலும் நண்டும் அள்ளி வைப்பதுதான் மரியாதை. நாலு வாயோடு எழுந்தால், 'என் சமையல் பிடிக்கலையா?' என்ற கேள்வி வரும். 'டாக்டர் இவ்வளவுதான் சொல்லியிருக்கார்' என்று முன்பே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் இல்லை. சிகிச்சைக்குப் பின் புரதம்தான் முதலில். பொரிக்காத மீன் துண்டை நன்றாக மென்று சாப்பிட்டால் உறவும் நிற்கும், உடம்பும் தேறும்.

எங்கே கவனம் தேவை?

முதல் வருடம் பலருக்கும் உற்சாகமாகவே போகும். எடை இறங்குவது நின்ற பிறகுதான் சோதனை. பைபாஸ் செய்தவர்களுக்கு மது சட்டென்று ரத்தத்தில் ஏறும். 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், மதுப் பிரச்னை உள்ளவர்கள் சிகிச்சைக்கு முன் 7.6 சதவிகிதம், இரண்டாம் வருடத்தில் 9.6 சதவிகிதம். சாப்பாட்டின் இடத்தைக் குடி பிடித்துவிடக் கூடாது.

உறவும் மாறலாம். 2018-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களிடம் புதுத் திருமணங்களும் அதிகரித்தன, பிரிவுகளும் அதிகரித்தன. தன்னம்பிக்கை கூடும்போது வீட்டில் பழைய கணக்குகள் மாறுவது இயல்பு. கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே கவுன்சலிங் போவது நல்லது.

செய்ய வேண்டியவை

* டாக்டர் சொன்ன வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். பி12 குறைந்தாலும் சோர்வும் மனவாட்டமும் வரும்.

* தொடர்ந்து வாந்தி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பி1 குறைந்தால் மூளை பாதிக்கப்படலாம்.

* மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள், அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிகிச்சைக்குப் பின் மருந்து உடலில் சேரும் விதம் மாறலாம்.

* வீட்டில் இருப்பவர்கள், 'எத்தனை கிலோ?' என்பதற்குப் பதில் 'மனசு எப்படி இருக்கு?' என்று கேளுங்கள்.

* இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, வெறுமை நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 'வாழ்ந்து என்ன பயன்' என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

எடை குறைந்தவர் அழுதால் அது நன்றிகெட்டத்தனம் அல்ல. சிகிச்சையின் இன்னொரு பாதி அங்கேதான் தொடங்குகிறது.