இல்லாமற்போன அரைமணி நேரம்



1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு, சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் மணி பதினொன்றரை ஆகவேண்டிய நொடியில் பன்னிரண்டாகிவிட்டது. கிரீனிச் நேரத்துக்கு ஏழரை மணி முன்னதாக இருந்த நம் கடிகாரம், அன்றுமுதல் எட்டு மணி முன்னதாயிற்று. சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றுவதற்காகத் தீபகற்பம் மாறியது. சிங்கப்பூரும் உடன் மாறியது. அன்றிரவு பதினொன்றே முக்கால் என்ற மணியே நமக்கு வரவில்லை.

நாம் முள்ளைத் திருகிவிட்டு உறங்கப் போய்விடலாம். கணினி என்ன செய்யும்?

யூனிக்ஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் எதையும் திருகுவதில்லை. 1970 ஜனவரி 1, கிரீனிச் நள்ளிரவு தொடங்கி நொடிகளை எண்ணிக்கொண்டே போவதுதான் அவற்றின் வழக்கம். மேலே சொன்ன நொடிக்கு அக்கணக்கில் 378,662,400 என்று பெயர். அடுத்த நொடிக்கு ஒன்று கூடும், அவ்வளவுதான். திரையில் மணி காட்டும்போது மட்டும், இந்த ஊரில் இந்த நொடிக்கு எத்தனை மணி கூட்டவேண்டும் என்று ஓர் அட்டவணையைப் புரட்டிப் பார்க்கும்.

அந்த அட்டவணையை 1980களில் தொடங்கிவைத்தவர் அமெரிக்கரான ஆர்தர் டேவிட் ஓல்சன். அதில் சிங்கப்பூருக்கு உரிய வரிகளைப் படித்தால் சரித்திரப் பாடம் போலிருக்கும். 1933இல் பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்த 20 நிமிடம் கூட்டியது, 1942இல் ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைப் புகுத்தியது, 1945இல் பழைய நேரம் திரும்பியது, எல்லாம் உண்டு.

ஆண்டுக்கு இருமுறை மணியை மாற்றும் நாடுகளில் சிக்கல் இன்னும் பெரிது. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை இரண்டு மணி, மூன்றாகிவிடும். நவம்பர் முதல் ஞாயிறு, இரண்டு ஆகவேண்டியது மறுபடி ஒன்றாகும். ஆகவே அன்று ஒன்றரை மணி இருமுறை வருகிறது. நொடிக்கணக்கில் இவை இரண்டும் வெவ்வேறு எண்கள், கணினி குழம்பாது. ஆனால் “ஒன்றரைக்கு மருந்து கொடுத்தோம்” என்று மட்டும் ஒரு மருத்துவமனைக் குறிப்பில் இருந்தால், எந்த ஒன்றரை என்று எந்த இயந்திரத்தாலும் சொல்ல முடியாது.

அட்டவணை பழையதானாலும் தொல்லைதான். அமெரிக்கா 2005இல் இயற்றிய சட்டத்தால், 2007இல் மாற்றம் மூன்று வாரம் முன்னதாகவே வந்தது. புதிய விதியைப் பெறாத கணினிகள் அம்மூன்று வாரமும் ஒரு மணி பின்தங்கிக் காட்டின. அரசாங்கம் சட்டம் போட்டால் கணினிக்கு யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்!

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? 1975இல் கோலாலம்பூரில் காலை ஆறு மணிக்குப் பிறந்த ஒருவருக்குக் கணினியில் ஜாதகம் கணிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணிக்கும் நிரல் அந்த அட்டவணையைப் பார்க்காமல் எக்காலத்துக்கும் எட்டு மணி என்றே கொண்டால், பிறந்த நேரம் அரைமணி பின்னே போய்விடும். லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணிக்கொருமுறை மாறுவது. எல்லையில் பிறந்தவருக்கு லக்கினமே வேறாகும். கட்டத்தை வாங்குமுன், 1945க்குப் பின், 1982க்கு முன் நிகழ்ந்த பிறப்புக்கு ஏழரை என்று போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஏழரை என்றதும் சனியை நினைத்துப் பயப்படவேண்டாம். இந்த ஏழரை இல்லாவிட்டால்தான் கணக்குத் தப்பும்.